ஃபாரடேயின் கொள்ளுப்பாட்டனார் யார்?



1831 ஆகஸ்டு 29-ஆம் நாள் மைக்கேல் ஃபாரடே என்ன செய்தார் என்று கேட்டால் உங்களில் பலர் உடனே சொல்லிவிடுவீர்கள். ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும் மற்றச் சுருளோடு இணைந்த காந்த ஊசி துள்ளியது. மின்காந்தத் தூண்டல் என்று நாம் படிப்பது அதுதான். உங்கள் தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி அந்த வளையத்தின் வழித்தோன்றலே.

ஃபாரடே தம் ஆய்வுக் குறிப்பேட்டில் பத்திகளுக்கு எண் கொடுத்து எழுதி வந்தார். அந்த எண்கள் 16,000-ஐத் தாண்டிச் செல்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அவர் கழித்த நாட்களை நாம் இன்று பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் அறியலாம்.

சரி, அவருடைய கொள்ளுப்பாட்டனார் யார்?

இந்தக் கேள்வியில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத்தின் கண்காட்சிக்காக ஃபாரடே குடும்பத்தின் வழிமரத்தைப் பெரிய அட்டையில் வரைந்தோம். ஒரு நூலில் கண்டபடியே ரிச்சர்டு, ராபர்ட், ஜேம்ஸ், மைக்கேல் என்று நான்கு தலைமுறைகளையும் கருப்பு மையால் அழுத்தமான கோடு போட்டு இணைத்தேன். கண்காட்சி முடிந்து சில மாதங்களுக்குப் பின், ஃபாரடேயின் நண்பர் பென்ஸ் ஜோன்ஸ் 1870-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. ரிச்சர்டுக்கும் ராபர்ட்டுக்கும் இடையே நான் போட்ட கோட்டுக்கு அதில் சான்று இல்லை! 'இருக்கக்கூடும்' என்று அவர் எழுதியது, பலர் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தபோது 'இருந்தது' ஆகிவிட்டது. அதற்குள் ஏழெட்டு மாணவர்கள் என் அட்டையைப் பார்த்துத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தனர்.

அந்தக் கோட்டைச் சரிபார்க்கப் புறப்பட்ட கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் உழைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தின் தடத்தை எப்படிப் பின்தொடர்வது, அந்தத் தடம் எங்கே மங்குகிறது, மங்கும் இடத்தில் அறிவியல் எவ்வளவு உதவும் என்பவை இதில் வரும்.

இரண்டு கிளாப்பம்

முதலில் ஊரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஃபாரடே குடும்பத்தின் சொந்த ஊர் கிளாப்பம். இலண்டன் மாநகரின் தென்பகுதியிலும் கிளாப்பம் என்று ஓரிடம் உண்டு. மைக்கேல் பிறந்ததோ தென் இலண்டனைச் சேர்ந்த நியூயிங்டனில். ஆகவே நிலப்படத்தைப் பார்ப்பவர், "ஆகா, பக்கத்து ஊர்தான்!" என்று மகிழ்ந்து தவறான பதிவேட்டைத் திறந்துவிடுவார். என் மாணவர் ஒருவர் அப்படியே செய்தார். நாம் தேடும் கிளாப்பம் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், வடக்கே யார்க்ஷயர் மாவட்டத்தில், இங்கிள்பரோ என்னும் சுண்ணாம்புக்கல் மலையின் அடியில் உள்ள சிற்றூர். கல்லும் புல்லும் ஆடும் நிறைந்த மேட்டு நிலம்.

அங்கே ராபர்ட் ஃபாரடே என்பவர் 1756-இல் எலிசபெத் டீன் என்ற பெண்ணை மணந்தார். பெண்ணுக்குக் கிளாப்பம் வுட் ஹால் என்ற வீடு சொந்தம். அவர்களுக்குப் பத்துக் குழந்தைகள். ஆண்பிள்ளைகளில் ஒருவர் உழவர், ஒருவர் மளிகைக் கடைக்காரர், ஒருவர் செருப்புத் தைப்பவர், ஒருவர் நார் ஆலையில் சிப்பம் கட்டுபவர். 1761-இல் பிறந்த ஜேம்ஸ் கொல்லுத் தொழில் பழகினார். அருகிலிருந்த வெஸ்ட்மர்லண்டு மாவட்டத்தின் அவுத்கில் என்ற ஊரில் உலைக்கூடம் வைத்தார். 1786-இல் கிர்க்பி ஸ்டீவன் ஊரில் ஓர் உழவர் மகளான மார்கரெட் ஹேஸ்ட்வெல்லை மணந்தார்.

இவர்களுடைய மூத்த குழந்தைகள் எலிசபெத், ராபர்ட். 1787-இலும் 1788-இலும் பிறந்தவர்கள். பெயர்களைக் கவனித்தீர்களா? தந்தை வழிப் பாட்டியின் பெயரும் பாட்டனாரின் பெயரும்! பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் தமிழில் 'பெயரன்' என்றோம். அதுவே பேரன் ஆயிற்று. இங்கிலாந்து நாட்டுப்புறத்திலும் இவ்வழக்கம் பரவலாக இருந்தது. குடும்ப வரலாறு தேடுவோர்க்கு இது நல்ல துப்பு. ஆனால் துப்புத்தான், சான்று அன்று.

1791-இல் இக்குடும்பம் இலண்டன் பக்கம் குடிபெயர்ந்திருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22-இல் மூன்றாவது குழந்தை பிறந்தது. அதுதான் நம் மைக்கேல்.

ஏழைகளை எழுதி வைத்தவர்கள்

கொல்லரும் கல்தச்சரும் நாட்குறிப்பு எழுதுவதில்லை. அவர்களில் பலருக்குக் கையொப்பமிடவும் தெரியாது; பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அப்படியானால் அவர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரிகிறது? அவர்களிடமிருந்து யாருக்கோ ஏதோ தேவைப்பட்டபோது அவர்கள் பெயர் எழுதப்பட்டது. மாதா கோயிலுக்குக் கணக்குத் தேவைப்பட்டது. அரசுக்கு வரி தேவைப்பட்டது. ஊருக்கோ ஏழைகளை வெளியே அனுப்பச் சாக்குத் தேவைப்பட்டது.

1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கோயில் வட்டாரத்திலும் பாதிரியார் ஒரு பதிவேடு வைத்து, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவர வேண்டும் என்பது ஆணை. இங்கிலாந்துக் குடியானவரின் வரலாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பிரபுக்களுக்கு அதற்கு முன்னும் ஆவணங்கள் உண்டு. உழவர் குடும்பத்துக்கு, நிலவுடைமையாளரின் பண்ணைக் கணக்கில் தற்செயலாகப் பெயர் வந்தால் உண்டு.

பதிவேட்டைப் படிப்பது எளிதன்று. பெரிய எழுத்து எஃப் வர வேண்டிய இடத்தில் இரண்டு சிறிய எஃப்களைச் சேர்த்து எழுதுவது அக்கால வழக்கம். ஃபாரடே என்ற பெயர் கிளாப்பம் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டலும் எழுதுபவர் காதுக்குக் கேட்டபடி மாறும். கையொப்பமிடத் தெரியாதவர் தம் பெயரைச் சரியாக எழுதினார்களா என்று எப்படிச் சோதிப்பார்?

நாட்காட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது ஜனவரி 1-இல் அன்று, மார்ச் 25-இல். ஆகவே பதிவேட்டில் '1724 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1725 பிப்ரவரி. 1752-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று அறிவித்தார்கள். அந்தப் பதினொரு நாட்களில் இங்கிலாந்தில் ஒருவரும் பிறக்கவில்லை, ஒருவரும் இறக்கவில்லை!

இன்னொரு பொறி இதைவிடக் கொடியது. ஜான், வில்லியம், தாமஸ் என்று ஏழெட்டுப் பெயர்களையே ஊர் முழுதும் வைத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. நீங்கள் தேடும் ஜானின் திருமுழுக்கைக் கண்டுபிடித்து மகிழ்ந்து கொண்டிருப்பீர்கள். அந்த ஜான் மூன்றாம் மாதமே இறந்திருப்பான். ஆகவே ஒருவர் பிறந்ததைக் கண்டதும் அவர் இறந்துவிடவில்லையே என்று அடக்கப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கால்வனோமீட்டர் துள்ளியதும் "கம்பி எங்காவது தளர்ந்திருக்கிறதா?" என்று பார்க்கிறோமல்லவா, அதைப்போல.

சட்டங்களைத் தெரிந்துகொள்ளாமல் பதிவேட்டைப் படித்தால் ஏமாந்துபோவோம். ஃபாரடே குடும்பத்தார் அரசுத் திருச்சபையைவிட்டு விலகிய சாண்டிமேனியர் என்ற சிறு சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆயினும் ஜேம்சும் மார்கரெட்டும் அரசுத் திருச்சபையின் கோயிலில்தான் மணந்துகொண்டனர். ஏன்? 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், குவேக்கர்கள், யூதர்கள் தவிர மற்ற அனைவரும் அங்கே மணந்தால்தான் திருமணம் செல்லும் என்றது. மணமக்களும் இரண்டு சாட்சிகளும் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும் என்றும் அது சொன்னது. ஆனால் குழந்தைக்கு அங்கே திருமுழுக்குச் செய்யாவிட்டால் குற்றமில்லை. ஆகவே இத்தகைய குடும்பங்களின் திருமணங்கள் கிடைக்கும். குழந்தைகள் கிடைக்காமல் போகலாம். பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

1783-இல் இன்னொரு கூத்து நடந்தது. அமெரிக்கப் போரில் செலவழிந்த பணத்தை ஈடுகட்ட, பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்சு வரி விதித்தார்கள். வறியவர்களுக்கு மட்டும் விலக்கு. விளைவை ஊகித்துவிட்டீர்களா? பல ஊர்களில் 'வறியவர்' எண்ணிக்கை திடீரென்று கூடிற்று! 1794-இல் வரியை நீக்கினார்கள். 1786-இல் மணந்த ஜேம்ஸ், வறியவர் என்று சொல்லித் தப்பாவிட்டால், இந்த மூன்று பென்சைக் கட்டித்தான் இருக்க வேண்டும்.

உண்மையான வறியவரின் நிலை வேறு. 1662-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த வட்டாரம் உண்டு. வேறு ஊரில் போய்ப் பிழைப்பில்லாமல் நின்றால், அந்த ஊர் அவரை விசாரித்துச் சொந்த வட்டாரத்துக்கே திருப்பி அனுப்பும். எங்கே பிறந்தாய், எங்கே தொழில் பழகினாய், யாரிடம் எத்தனை ஆண்டு கூலி வாங்கினாய், மனைவி மக்கள் எத்தனைபேர் என்று கேட்டு எழுதி வாங்குவார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளைக்கூட, பிறக்கும் குழந்தை தம் ஊர்ப் பொறுப்பில் விழுந்துவிடுமே என்று எல்லைக்கு அப்பால் அனுப்பிய ஊர்கள் உண்டு. அந்த விசாரணைத் தாள்கள்தாம் இன்று குடும்ப வரலாறு தேடுவோர்க்குக் கிடைக்கும் மிக விரிவான செய்தி. ஒரு கூலியாளின் வாழ்க்கை முழுவதும் ஒரே தாளில் இருக்கும். அது எழுதப்பட்டது அவருடைய மிகக் கெட்ட நாளில்.

மைக்கேலின் குடும்பத்திலும் அத்தகைய நாட்கள் வந்தன. ஜேம்ஸ் அடிக்கடி நோயுற்றார், 1810-இல் இறந்தார். 1801-இல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஒரே ரொட்டி. பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழக அவரைச் சேர்த்தார்கள். 1805 அக்டோபர் 7-ஆம் நாளிட்ட அந்த ஒப்பந்தம் இன்னும் அறியக் கிடைக்கிறது. வழக்கமாகத் தொழில் கற்றுக்கொடுப்பவருக்குத் தந்தை பணம் கட்ட வேண்டும். மைக்கேல் ஓராண்டாக அக்கடையில் நாணயமாக எடுபிடி வேலை செய்து வந்ததால் பணம் வாங்கவில்லை என்று ஒப்பந்தத்திலேயே குறித்திருக்கிறார்கள். ஒரு வரிதான். அந்தக் குடும்பத்தின் கைப்பொருள் எவ்வளவு என்பதும், பையன் எப்படிப்பட்டவன் என்பதும் அந்த ஒரே வரியில் தெரிகின்றன அல்லவா?

1837 ஜூலை முதல் நாளிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியத் தொடங்கியது. 1841 முதல் மக்கள் கணக்கெடுப்பில் பெயர்களும் உள்ளன. அதிலும் எச்சரிக்கை தேவை: 1841-இல் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். முப்பத்து நான்கு வயதுக்காரர் முப்பது ஆகிவிடுவார். பிறந்த ஊரின் பெயர் 1851-இலிருந்துதான் கிடைக்கிறது. ஒரு கணக்கெடுப்பை நூறாண்டு கழித்தே பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவார்கள். 1921-ஆம் ஆண்டினுடையது 2022 ஜனவரியில் வெளியாயிற்று. அடுத்ததற்குக் காத்திருப்போர்க்கு ஏமாற்றந்தான். 1931-ஆம் ஆண்டுக் கணக்கு 1942-இல் தீயில் எரிந்துபோயிற்று. 1941-இல் உலகப் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை.

காணாமற்போன 1724

இனி நம் கோட்டுக்கு வருவோம். கிளாப்பம் பதிவேட்டில் 1708 முதல் 1730 வரை ரிச்சர்டு ஃபாரடே என்ற ஒருவர் தம் பத்துக் குழந்தைகளைப் பதிந்திருக்கிறார். கீஸ்டன் என்னும் பக்கத்துக் குக்கிராமத்தைச் சேர்ந்தவர். கல்தச்சர், ஓடு வேய்பவர், திருச்சபையிலிருந்து பிரிந்தவர் என்று அவரைப் பற்றிய குறிப்பு கூறுகிறது. 1741-இல் இறந்தார். மைக்கேலின் பாட்டனார் ராபர்ட் பிறந்தது 1724-இல் என்பர். காலம் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது, அபூர்வமான குடும்பப் பெயரும் பொருந்துகிறது. ஆனால் பதிவான பத்துக் குழந்தைகளில் அந்த ராபர்ட் இல்லை. பதினோராவது குழந்தையாக இருக்கலாம் என்பது பென்ஸ் ஜோன்சின் ஊகம்.

பாதிரியார் மறந்திருக்கலாம். பலர் துண்டுத்தாளில் குறித்து வைத்துக்கொண்டு பிறகு சாவகாசமாக ஏட்டில் ஏற்றுவார்கள். தாள் தொலைந்தால் ஆளும் தொலைந்தார். குழந்தைக்குப் பக்கத்து வட்டாரத்தில் திருமுழுக்கு நடந்திருக்கலாம். அல்லது ராபர்ட், ரிச்சர்டின் மகனே அல்லாமல் தம்பி மகனாகவோ அண்ணன் மகனாகவோ இருக்கலாம். நடு ஊகம் சரியானால் அண்டை வட்டார ஏடுகளில் விடை இருக்கும். முதல் ஊகத்துக்கும் ஒரு சோதனை உண்டு: 1598-இலிருந்து பாதிரிமார் ஆண்டுதோறும் பதிவேட்டின் நகலை ஆயருக்கு அனுப்பி வந்தனர். மூலத்தில் விட்டுப்போனது நகலில் தப்பியிருக்கும் நேர்வுகள் உண்டு.

இன்னொரு கதையும் வழங்கி வந்தது. குடும்பம் ஆதியில் அயர்லாந்திலிருந்து வந்ததாம். மைக்கேலே அதை நம்பினார் என்று அவருடைய நண்பர் டிண்டல் எழுதியிருக்கிறார். டிண்டல் அயர்லாந்தில் பிறந்தவர். அவருக்கு இச்செய்தி இனித்திருக்கும்! 1708-க்கு முன் என்ன நடந்தது என்பதற்குக் கிளாப்பம் பதிவேடு உதவவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையை நான் தள்ளமாட்டேன். ஆனால் வரைபடத்தில் கோடாக ஏற்றவும் மாட்டேன்.

குருதி பேசுமா?

"ஐயா, மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்தது!" என்பீர்கள். செய்து பார்ப்போம், தாளில்.

ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் வருகிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் தந்தையிடமிருந்தே வருகிறது. ஆக, இரண்டும் ஒரே தடத்தில் ஓடும் இரண்டு வண்டிகள். டூரி கிங், மார்க் ஜாப்ளிங் என்னும் இரு ஆய்வாளர்கள் 40 குடும்பப் பெயர்களைக் கொண்ட 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். அபூர்வமான பெயர் உடையவர்களில் பலர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாகத் தோன்றினர். ஸ்மித் என்ற பெயருடையவர்களிடம் அப்படியொன்றும் இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் ஊருக்கு ஊர் ஒரு ஸ்மித் குடும்பம் தனித்தனியே தோன்றிற்று. கொல்லரான ஜேம்சின் பெயர் ஸ்மித்தாக இல்லாமல் ஃபாரடேயாக இருந்தது நம் நல்லூழ்.

மைக்கேலுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் ராபர்ட்டுக்கு வேறு ஆண்மக்கள் உண்டு. ராபர்ட்டின் ஆண்வழியில் வந்த ஒருவர், ரிச்சர்டின் பதிவான மகன் ஒருவரின் ஆண்வழியில் வந்த மற்றொருவர் ஆகிய இருவரும் இன்று இருப்பதாகக் கற்பனை செய்வோம். இருவரின் ஒய் குரோமோசோம்களிலும் 37 இடங்களை ஒப்பிடுகிறோம். ஓர் இடத்தில் ஒரு தலைமுறையில் மாற்றம் ஏற்பட வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்துக்கு இரண்டரை, அதாவது 0.0025.

ராபர்ட், ரிச்சர்டின் மகனே என்று கொள்வோம். ரிச்சர்டிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கிளையிலும் 10 தலைமுறை என்றால் மொத்தம் 20 படிகள். எதிர்பார்க்கும் வேறுபாடுகள்: 37 × 20 × 0.0025 = 1.85. அதாவது சுமார் இரண்டு.

அண்ணன் தம்பி மகன் என்று கொள்வோம். பொது மூதாதை ரிச்சர்டின் தந்தை. கிளைக்கு 11 தலைமுறை. மொத்தம் 22 படிகள். வேறுபாடுகள்: 37 × 22 × 0.0025 = 2.04. மறுபடியும் சுமார் இரண்டு!

பார்த்தீர்களா? சோதனையில் இருபது வேறுபாடுகள் வந்தால் என் கோட்டை அழித்துவிடலாம். இருவரும் ஒரே ஆண்வழியினர் அல்லர். இரண்டே வந்தால் 'ராபர்ட் இந்தக் குடும்பத்தவரே' என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் மகனா, அண்ணன் தம்பி மகனா என்ற நம் கேள்விக்கு அந்தச் சோதனை வாய் திறக்காது. மீட்டர் அளவுகோலால் தலைமயிரின் பருமனை அளக்கப் புகுந்த கதைதான். கருவியின் நுண்மைக்கு மேல் அதனிடம் விடை கேட்கக் கூடாது.

அதோடு, ஒய் குரோமோசோம் காட்டுவது ஒரே ஒரு கிளையை. மைக்கேலிலிருந்து 8 தலைமுறை பின்னே சென்றால், தலைமுறைக்கு 30 ஆண்டு என்று கொண்டு 1551-ஐ அடைவோம். பதிவேடுகள் தொடங்கிய காலம் அது. அந்தத் தலைமுறையில் அவருக்கு 2-இன் 8-ஆம் அடுக்கு, அதாவது 256 மூதாதையர் இடங்கள். ஃபாரடே என்ற பெயரை மட்டும் பின்தொடரும் நாம் 256-இல் ஒருவரைத் தேடுகிறோம். ஹேஸ்ட்வெல் குடும்பமும் டீன் குடும்பமும் இன்னும் பெயர் தெரியாத பல குடும்பங்களும் மற்ற 255 இடங்களில் இருக்கின்றன. இதையே 30 தலைமுறைக்கு நீட்டினால் 107 கோடி இடங்கள் வரும். அன்றைய இங்கிலாந்தின் மக்கள் தொகையோ சில பத்து இலட்சங்கள்! எனவே ஒரே ஆள் பல இடங்களை நிரப்பியிருக்க வேண்டும். மலையடிவாரத்துச் சிற்றூர்களில் உறவுக்குள்ளேயே திருமணம் நடந்தால் கிளைகள் மீண்டும் மீண்டும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். மரம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது வலை.

குடும்பப் பெயர்கள் அழிவதைக் கணக்காகப் போட்டவரும் உண்டு. 1873-இல் பிரான்சிஸ் கால்ட்டன் இதை ஒரு புதிராக வெளியிட்டார். பாதிரியாரான வாட்சன் விடை கண்டார். 1874-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினர். ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஓர் ஆண்மகனோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் பெயர் என்றேனும் மறைந்தே தீரும். சராசரி ஒன்றைத் தாண்டினால் தப்பிப் பிழைக்க வழியுண்டு. வாட்சன் இந்த இரண்டாம் பகுதியில் தவறிவிட்டார். எல்லாப் பெயர்களும் அழியும் என்றார். பிறகு வந்தவர்கள் திருத்தினர். இதே கணக்கு அணு உலையில் நியூட்ரான்களின் தொடர்வினைக்கும் பொருந்துவதை மேல்வகுப்பில் படிப்பீர்கள். மகன் இல்லாத மைக்கேலின் பெயர் கால்ட்டன் கணக்கில் சேராத வேறு வழியில் பிழைத்தது. மின்தேக்கியின் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரடு என்பதில் இருப்பது கிளாப்பம் கல்தச்சர் வீட்டுப் பெயர்தான்.

கடைசியாக ஒரு பெருக்கல். வழிமரத்தில் ஒவ்வோர் இணைப்பும் 95 விழுக்காடு உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்து இணைப்புகளைக் கோத்தால் 0.95-ஐப் பத்துமுறை பெருக்க வேண்டும். விடை 0.60. பத்துத் தலைமுறை வழிமரம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருப்பவர், அதில் பத்துக்கு நான்கு பங்கு வேறொருவர் வீட்டு முன்னோர்க்கு மாலை போட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

1841-இல் உடல்நலத்துக்காகச் சுவிட்சர்லாந்து சென்ற ஃபாரடே, இண்டர்லாக்கன் ஊரில் ஆணி அடிக்கும் கொல்லர்களை நின்று பார்த்தார். கொல்லன் பட்டறையும் அது சார்ந்த எதுவும் தமக்குப் பிரியம் என்றும், தம் தந்தை கொல்லர் என்றும் அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். இந்த இணைப்புக்குப் பதிவேடு தேவையில்லை, மகனே எழுதிவிட்டார். ஜேம்சிலிருந்து ராபர்ட்டுக்கும் உறுதியான கோடு உண்டு.

அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு அட்டையைப் புதிதாக வரைந்தோம். பழைய அட்டையிலிருந்து எழுதிக்கொண்டு போன மாணவர்களில் ஐவரைத் தேடிப்பிடித்துத் திருத்தச் சொன்னேன், மற்றவர்கள் அகப்படவில்லை. புதிய அட்டையில் ரிச்சர்டுக்கும் ராபர்ட்டுக்கும் நடுவே ஏழு புள்ளிகள் வைத்திருக்கிறோம். "இதென்ன, கோடு போட மறந்துவிட்டீர்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு.